கடலோர கிளப்புக்கு ஒரு ஹாக்கி வார இறுதி: தேதி குறிப்பதிலிருந்து வலையைக் கழற்றுவது வரை

நான்கு டீம் வைத்திருக்கும் ஒரு சின்ன ஹாக்கி கிளப், சனி ஞாயிறு இரண்டு நாளில் பத்து ஆட்டம் நடத்த என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். நான்கு டீம் என்றால் 14 வயதுக்குட்பட்ட பையன்கள், பெண்கள், சீனியர், 35 வயது தாண்டிய மூத்தோர். எதிராட வெளியூர் டீம்கள் வரும். இடம் ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கமாக இருக்கலாம். உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினம் பக்கம் ஏதாவது ஒரு பள்ளி மைதானமாகவும் இருக்கலாம். நான் பள்ளி மைதானத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன். அங்கேதான் வேலை அதிகம்.

பெரும்பாலான கிளப்புகள் கோப்பை வாங்குவதிலும் பேனர் அடிப்பதிலும் ஆரம்பிக்கின்றன. அது தலைகீழான வழி. முதலில் நேர அட்டவணை. கடலுக்குப் போகிறவன், பூசைக்குப் போகிறவன், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள், வெயில், காற்று எல்லாவற்றையும் கேட்டுத்தான் அட்டவணை எழுத வேண்டும். அது சரியாக அமைந்துவிட்டால் மற்றவை பணமும் கைவேலையும்தான்.

தேதி குறிப்பது

நம் கரையில் வருடத்துக்கு இரண்டு காலம்தான் ஹாக்கிக்குத் தோதானது. ஒன்று பொங்கல் முடிந்ததிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. மழை ஓய்ந்திருக்கும், தரை இறுகியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, பள்ளிப் பையன்களுக்குப் பெரிய தேர்வு வந்திருக்காது. இன்னொன்று மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். சீனியர் டீமில் பாதிப் பேர் படகுக்காரர்கள் என்றால் அவர்கள் மொத்தமாக ஊரில் இருப்பது அப்போதுதான். ஆனால் அதற்குள்ளேதான் அக்கினி நட்சத்திரமும் வரும். அதனால் தடைக்காலத்தில் வைப்பதாக இருந்தால் மே கடைசி வாரமோ ஜூன் முதல் வாரமோ நல்லது. பள்ளி திறக்கும் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம் என்பது என் கருத்து. கச்சான் காற்று வீசும்போது மண்டபம், பாம்பன் பக்கம் தூக்கி அடிக்கும் பந்து எங்கே விழும் என்று அடித்தவனுக்கே தெரியாது. புழுதி கோல்கீப்பரின் கண்ணை மறைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. களிமண் கலந்த மைதானம் ஒரு மழைக்கு மூன்று நாள் கேட்கும்.

அப்புறம் இந்த நாட்களையும் காலண்டரில் அடித்துவிடுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை ஒட்டிய வார இறுதிகளில் ராமேசுவரம் சாலையில் வேன் நகராது. செப்டம்பர் 11 (இமானுவேல் சேகரன் நினைவு நாள்), அக்டோபர் 30 (தேவர் குருபூசை) ஒட்டிய நாட்களில் மாவட்டத்தில் வாகனக் கட்டுப்பாடு இருக்கும். வெளியூர் வேன்களை அலைக்கழிக்க வேண்டாம். பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா அன்று தங்கச்சிமடம், பாம்பன் பையன்கள் கிடைக்க மாட்டார்கள். நோன்பு மாதத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் டீம்களை மாலை 4 மணிக்கு ஓட விடுவது நியாயமில்லை. உங்கள் டீமிலேயே நோன்பாளிகள் இருப்பார்கள்.

ஒரு மாதம் முன்பே வாங்க வேண்டிய சம்மதங்கள்

பள்ளி மைதானம் என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி. கழிப்பறைச் சாவி, மின் இணைப்பு, தண்ணீர்த் தொட்டி மூன்றையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். சனிக்கிழமை காலை சாவி வைத்திருக்கும் ஆள் ஊரில் இல்லை என்றால் கடிதம் இருந்தும் பயனில்லை. அவர் போன் நம்பரை வாங்கி வையுங்கள். மைக் செட் வைப்பதாக இருந்தால் காவல் நிலையத்தில் அனுமதி. பக்கத்தில் பள்ளிவாசலோ தேவாலயமோ கோயிலோ இருந்தால் தொழுகை, பூசை நேரத்தில் ஸ்பீக்கரை அணைத்துவிடுவோம் என்று நாமே போய்ச் சொல்லிவிடுவது நல்லது. கேட்ட பிறகு அணைத்தால் அது சண்டை, கேட்கும் முன் சொன்னால் அது மரியாதை.

அட்டவணை எழுதுவது

இங்கே கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். வெயிலை வைத்துப் பார்த்தால் மே, ஜூனில் ஆடக்கூடிய நேரம் காலை 6.15 முதல் 9 மணி வரை, மாலை 3.45 முதல் இருட்டும் வரை. அந்த மாதங்களில் 6.30 சுமாருக்குச் சூரியன் மறையும். அதற்கு மேல் வெள்ளைப் பந்தும் கண்ணில் படாது. காலையில் மூன்று, மாலையில் இரண்டு. இரண்டு நாளைக்குப் பத்து. பதினொன்றாவது ஆட்டத்தை நுழைக்க ஆசைப்படாதீர்கள்.

சர்வதேச விதிப்படி ஓர் ஆட்டம் 15 நிமிடமாக நான்கு பகுதி. எல்லா ஆட்டத்துக்கும் அதைக் கொடுக்க நமக்கு நேரமில்லை. வேறு கால அளவை இரு டீமும் ஒப்புக்கொண்டு வைத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது. சிறுவர்களுக்கும் மூத்தோருக்கும் மூன்றாம் இட ஆட்டத்துக்கும் 15 நிமிடமாக இரண்டு பாதி, பெண்கள் ஆட்டத்துக்கும் அரையிறுதிக்கும் 20 நிமிடமாக இரண்டு பாதி, இறுதியாட்டத்துக்கு மட்டும் முழு 60 நிமிடம். தடைக்காலத்துக்கு நான் பரிந்துரைக்கும் அட்டவணை இதுதான்:

சனி காலை 6.15: சிறுவர், நம் டீம் – பக்கத்து ஊர் டீம்
சனி காலை 7.10: பெண்கள், முதல் ஆட்டம்
சனி காலை 8.05: சிறுவர், பக்கத்து ஊர் டீம் – தூரத்து டீம்
சனி மாலை 4.00: சீனியர் முதல் அரையிறுதி
சனி மாலை 5.10: சீனியர் இரண்டாம் அரையிறுதி
ஞாயிறு காலை 6.15: சிறுவர், நம் டீம் – தூரத்து டீம்
ஞாயிறு காலை 7.10: பெண்கள், இரண்டாம் ஆட்டம்
ஞாயிறு காலை 8.15: மூத்தோர்
ஞாயிறு மாலை 3.45: மூன்றாம் இடம்
ஞாயிறு மாலை 4.45: சீனியர் இறுதி

ஒவ்வொரு நேரத்துக்கும் காரணம் உண்டு. தூரத்து டீம் சனிக்கிழமை கடைசிக் காலை ஆட்டத்தில்தான் வருகிறது. கோவில்பட்டியிலிருந்தோ மதுரையிலிருந்தோ விடியலில் வேன் ஏறி வருகிறவர்களை 6.15க்கு நிற்க வைத்தால், தூக்கக் கலக்கத்தில் ஆடித் தோற்றுவிட்டு அடுத்த வருடம் அழைப்பை மறந்துவிடுவார்கள். அதற்குள் பக்கத்து ஊர்ப் பையன்களுக்கும் முதல் ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓய்வு கிடைத்துவிடும். பெண்கள் ஆட்டம் இரண்டும் காலையில். மாலைக் கடைசி ஆட்டமாக வைத்தால் இருட்டிய பிறகு பஸ்ஸுக்கு நிற்க வேண்டியிருக்கும். வீட்டில் அடுத்த முறை அனுப்ப மாட்டார்கள். மூத்தோரை 8.15க்கு வைத்தது ஞாயிறு காலைப் பூசை முடிந்து வர வசதியாக. அவர்கள் எப்படியும் சொன்ன நேரத்துக்கு வர மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த 8.15க்கு இன்னொரு காரணம் கோல்கீப்பர் பேட். நம் போன்ற கிளப்பில் பெரியவர்கள் அளவுக்கு ஒரு செட்தான் முழுதாக இருக்கும்: ஹெல்மெட், மார்புக் காப்பு, கிளவுஸ், லெக் கார்டு, கிக்கர். பெண்கள் கீப்பர் கழற்றி, மூத்தோர் கீப்பர் மாட்ட 10 நிமிடம் பத்தாது. வெயிலில் விரித்து வியர்வை கொஞ்சமாவது காய வேண்டும். அட்டவணையை எழுதி முடித்ததும், ஒரே பேட்டை நம்பியிருக்கும் இரண்டு டீம் அடுத்தடுத்து வருகிறதா என்று பாருங்கள். அதைவிட மோசம், இரண்டு டீமும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பது. வெளியூர் டீம்களை அழைக்கும்போதே “பேட் செட் கொண்டு வருகிறீர்களா?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தடைக்காலம் இல்லாத மாதம் என்றால் சீனியர் ஆட்டங்களை மாற்ற வேண்டும். சனிக்கிழமை கடலுக்குக் கிளம்பும் விசைப்படகு ஞாயிறு காலைதான் கரை சேரும். அப்போது அரையிறுதி இரண்டையும் வெள்ளி மாலை, ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் ஓய்ந்த பிறகு வைத்துவிட்டு, இறுதியை ஞாயிறு மாலைக்கே விடுங்கள். ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு வந்தவன் காலையில் தூங்கி மாலையில் ஆடட்டும்.

டீம் பொறுப்பாளர்களிடம் போனில் பேசும்போது நேரத்தைத் துல்லியமாகக் கேளுங்கள். எங்கள் ஊர்ப் பக்கப் பேச்சு இப்படித்தான் போகும் (காக்கா என்றால் அண்ணன்):

“காக்கா, உங்க டீம் சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரும்?”

“ஏழுக்கெல்லாம் வந்துருவோம் தம்பி.”

“ஏழுன்னா கீழக்கரையில வண்டி ஏறுற நேரமா, இங்க ஷூ மாட்டுற நேரமா?”

சிரித்துக்கொண்டே உண்மையான நேரத்தைச் சொல்வார்கள்.

விதிமுறைத் தாள்

ஒரு பக்கத்தில் அச்சடித்து, எல்லா டீமுக்கும் பத்து நாள் முன்பே அனுப்புங்கள். அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை சிலதான். ஒரு வீரர் ஒரு டீமுக்குத்தான் ஆடலாம். பெயர்ப் பட்டியல் வெள்ளி மாலையோடு மூடப்படும். இதை எழுதாவிட்டால் அரையிறுதியில் ஜெயித்த டீமுக்கு ஞாயிறு காலையில் திடீரென்று இரண்டு விளையாட்டு விடுதி மாணவர்கள் முளைப்பார்கள். சிறுவர் பிரிவுக்கு வயதுக் கணக்கு எந்தத் தேதியில் என்று எழுதி, ஆதார் நகலும் பள்ளியில் மாணவருக்குத் தரும் எமிஸ் எண்ணும் கேளுங்கள்.

சிறுவர் லீக்கில் வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. புள்ளி சமமானால் சர்வதேசப் போட்டிகளில் பார்க்கும் வரிசையே போதும்: யார் அதிக ஆட்டம் வென்றது, அப்புறம் கோல் வித்தியாசம், அப்புறம் அடித்த கோல், அதற்கும் பிறகு நேருக்கு நேர் முடிவு. நாக் அவுட்டில் சமனானால் ஷூட் அவுட். டீமுக்கு ஐந்து பேர், 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு கிளம்பி 8 விநாடிக்குள் முடிக்க வேண்டும். விசிலடித்ததும் விநாடி எண்ண ஒரு தனி ஆள், கையில் ஸ்டாப் வாட்ச்.

பச்சை அட்டை 2 நிமிடம், மஞ்சள் குறைந்தது 5 நிமிடம், சிவப்பு என்றால் ஆட்டம் முழுக்க வெளியே. சிவப்பு வாங்கியவர் அடுத்த ஆட்டத்தில் உண்டா இல்லையா என்பதையும் தாளிலேயே முடிவு செய்துவிடுங்கள். சம்பவம் நடந்த பிறகு கூடிப் பேசினால், யாருடைய மச்சான் யார் என்பதில் போய் நிற்கும்.

மைதானம்

வெள்ளிக்கிழமைக்கு விட்டுவைக்கக் கூடாத வேலை இது. மூன்று நாள் முன்பே ஆரம்பியுங்கள்.

முதலில் முள். மைதானத்தைச் சுற்றிச் சீமைக்கருவேலம் இல்லாத ஊர் நம் மாவட்டத்தில் குறைவு. காற்றில் உதிரும் குச்சிகளை ஆட்கள் வரிசையாக நடந்து பொறுக்க வேண்டும். ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவரிடம் இரண்டு நாளைக்கு வேறு பக்கம் ஓட்டச் சொல்லிவிடுங்கள். அடுத்து மேடு பள்ளம். பள்ளத்தில் கடற்கரை மணலைக் கொட்டாதீர்கள், பந்து அதில் செத்துவிடும். கிராவல் மண் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டுங்கள். ரோலர் இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய டிரம்மை உருட்டினாலும் ஓரளவு அமரும். தண்ணீருக்கு டிராக்டர் டேங்கர் சொல்லிவையுங்கள்: வியாழன் ஒன்று, சனி காலை ஆட்டம் முடிந்ததும் ஒன்று, ஞாயிறு மதியம் ஒன்று. தெளிக்க உவர்த் தண்ணீர் போதும். குடிதண்ணீரை மைதானத்தில் ஊற்றினால் ஊர் பேசும், பேசுவதும் சரிதான்.

கோடு போடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முழு அளவு 91.40 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பக்கம் 6 மீட்டர், மறு பக்கம் 8 மீட்டர் அளந்து குறி வையுங்கள்; இரு குறிக்கும் இடையே சரியாக 10 மீட்டர் வர வேண்டும். நான்கு மூலையும் வைத்த பிறகு குறுக்கே கயிறு பிடித்துப் பாருங்கள். இரு மூலைவிட்டமும் 106.67 மீட்டர் வந்தால் செவ்வகம் சரி. கோட்டின் அகலம் 75 மில்லிமீட்டர். பின்கோட்டிலிருந்து 22.90 மீட்டரில் இரு பக்கமும் குறுக்குக் கோடு. 23 மீட்டர் கோடு என்று சொல்வது இதைத்தான்.

‘டி’ என்று நாம் சொல்லும் வட்டம் உண்மையில் அரைவட்டம் இல்லை. இரண்டு கால்வட்டங்களையும் ஒரு நேர்கோட்டையும் சேர்த்ததுதான் அது. கோல் கம்பத்தின் உட்புற முன் விளிம்பில் கயிற்றை வைத்து 14.63 மீட்டரில் கால்வட்டம் இழுங்கள். மற்றக் கம்பத்திலும் அதே மாதிரி. நடுவே இரண்டையும் இணைக்கும் நேர்கோடு 3.66 மீட்டர், அதாவது கோலின் அகலமே. கோல் நடுவில் ஒரே ஆணியை அடித்து அரைவட்டம் இழுப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். அப்படி இழுத்தால் ஓரங்களில் டி சுருங்கிவிடும், அங்கிருந்து அடிக்கும் கோலுக்கு அம்பயரும் டீமும் மோதுவார்கள். டிக்கு வெளியே 5 மீட்டர் தள்ளி விட்டு விட்டு ஒரு கோடு. பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 6.475 மீட்டர். பெனால்டி கார்னர் என்பது டிக்குள் தடுப்பவர்கள் செய்யும் தவறுக்கு எதிர் டீமுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அதற்குப் பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடும் இடம், கம்பத்தின் வெளி விளிம்பிலிருந்து 10 மீட்டர்.

கோடு போட நீற்றாத சுண்ணாம்பைத் தொடவே தொடாதீர்கள். ஈரம் பட்டால் கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். நீற்றிய சுண்ணாம்பும் வியர்த்த தோலை அரிக்கும். சறுக்கி விழும் பையன்கள் முழங்காலோடு அதில்தான் விழுவார்கள். கல் மாவு, கோலத்துக்குப் போடுவோமே, அதுவே போதும். காற்றடிக்கும் ஊர் என்பதால் மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் படிந்து நிற்கும். ஞாயிறு காலை மறுபடி ஒருமுறை போட வேண்டியிருக்கும் என்று கணக்கு வைத்தே மூட்டை வாங்குங்கள்.

கோல் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். கடல் காற்றில் இரும்பு ஒரே வருடத்தில் பொரிந்துவிடும். அடிப்பகுதியைத் தட்டிப் பார்த்து, துரு சுரண்டி, பிரைமர் அடித்து, வெள்ளை பெயின்ட் பூசுங்கள். சாய்ந்து விழாமல் பின்னால் மணல் மூட்டை. சின்னப் பிள்ளைகள் கம்பத்தில் தொங்குவார்கள் என்பதால் இதில் சமரசம் வேண்டாம். வலைக்கு நம் ஊரில் பஞ்சமா? பழைய மீன்வலையே போதும், ஆனால் கண்ணி 45 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, பந்து பாய்ந்தால் இழுபடும் அளவுக்குத் தளர்வாகக் கட்ட வேண்டும். கோலுக்குள் மூன்று பக்கமும் 46 சென்டிமீட்டர் உயரப் பலகை. பழைய வத்தைப் படகின் பலகையை இழைத்து வெட்டினால் தச்சர் கூலி மட்டும்தான் செலவு. இந்தப் பலகை அழகுக்கு இல்லை. பெனால்டி கார்னரில் முதல் ஷாட் ஹிட், அதாவது ஓங்கி அடிப்பது என்றால் இந்த உயரத்துக்கு மேல் கோல் கோட்டைத் தாண்டக் கூடாது. பலகையில் விழும் சத்தம்தான் அம்பயருக்குச் சாட்சி.

பந்து, ஸ்டிக்

பந்து 156 முதல் 163 கிராமுக்குள். கிராவல் தரை பந்தைத் தின்றுவிடும், ஒரு நாளிலேயே மேல்தோல் சொரசொரப்பாகிவிடும். இறுதியாட்டத்துக்கு இரண்டு புதுப் பந்தைத் தனியே ஒளித்து வையுங்கள். வார்ம் அப்புக்கு யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். ஸ்டிக் 51 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைய வேண்டும் என்பது விதி. டேபிளில் ஒரு வளையம் செய்து வைத்தால், டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றிக்கொண்டு வரும் ஆட்களைச் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பலாம். நுனி உடைந்து பிசிறு நிற்கும் ஸ்டிக்கையும் அப்படியே. ஷின் கார்டு இல்லாமல் எந்தச் சிறுவனும் உள்ளே இறங்கக் கூடாது, அது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும்.

அம்பயர்கள்

ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பேர், மைதானத்தில் ஆளுக்கு ஒரு பாதி. இரண்டு நாள் பத்து ஆட்டத்துக்கு நான்கு பேராவது இருந்தால்தான் வெயிலில் மாறி மாறி நிற்க முடியும். பி.டி. ஆசிரியர்களைக் கேளுங்கள், மாவட்டத்தில் பழைய வீரர்கள் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். படி, பஸ் செலவு, சாப்பாடு மூன்றையும் முன்பே பேசி, ஞாயிறு மாலை கவரில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். சிறுவர் ஆட்டங்களுக்கு, அந்த நேரத்தில் ஆடாத சீனியர்களை விசில் பிடிக்கச் சொல்லலாம். அம்பயரைத் திட்டும் வாய்க்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

சனி காலை 5.45க்கு அம்பயர்களோடு பத்து நிமிடம் உட்காருங்கள். நம் தரைக்கென்று பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: ஆபத்தான பந்து. மதுரையில் 2025இல் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்தபோது நேரில் பார்த்துவிட்டு வந்த பையன்கள் எல்லோரும் இப்போது டிராக் ஃபிளிக் (பந்தை ஸ்டிக்கால் இழுத்துச் சுண்டி எறிவது) போடுகிறார்கள். கோவில்பட்டியில் பயின்று இந்திய அணிக்குப் போன கார்த்தி செல்வம், மாரீஸ்வரன் சக்திவேல் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போடுகிறார்கள். போடட்டும். ஆனால் செயற்கைத் தரையில் வழுக்கி வரும் பந்து கிராவலில் ஒரு கல்லைத் தட்டி முகத்துக்கு எழும். பெனால்டி கார்னரின் முதல் ஷாட், 5 மீட்டருக்குள் நிற்கும் தடுப்பாளருக்கு முழங்காலுக்குக் கீழே பட்டால் மறுபடி கார்னர். முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் தடுப்பவர்களுக்கு ஃப்ரீ ஹிட். நான்கு அம்பயரும் இதை ஒரே மாதிரி ஊத வேண்டும். தடுக்க நிற்கும் ஐந்து பேரில் கீப்பர் தவிர மற்ற நால்வருக்கும் முகக் காப்பு இருந்தால் நல்லது. குறைந்தது முதலில் பாய்ந்து ஓடுகிறவருக்காவது.

தண்ணீர், சாப்பாடு, அடிபட்டால்

குடிதண்ணீர் கேன்களைக் கணக்கு பார்த்து வாங்காதீர்கள். மீந்தால் யாராவது வீட்டுக்குக் கொண்டு போவார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பருவத்தில் நுங்கும் பதநீரும் கிடைக்கும், ஆட்டம் முடிந்தவர்களுக்கு அதைக் கொடுங்கள். இடைவேளை 5 நிமிடம் என்று இருந்தாலும் மே மாதத்தில் பாதிக்குப் பாதி நடுவில் ஒரு தண்ணீர் நிறுத்தம் வையுங்கள்.

காலை ஆட்டம் உள்ளவர்களுக்கு முதலில் வாழைப்பழமும் கேப்பைக் கஞ்சியும். இட்லி, பொங்கல் எல்லாம் ஆடி முடித்த பிறகு. மாலையில் ஆடுகிறவர்களுக்கு மதியம் ரசம் சாதம், மோர் சாதம், கொஞ்சம் மீன். பிரியாணியை ஞாயிறு இரவுக்கு வையுங்கள். கறியை ஹலால் கடையிலேயே வாங்கிவிட்டால் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி அடுப்பு.

ஐஸுக்கு நாம் கொடுத்துவைத்தவர்கள். மீனுக்குப் பார் ஐஸ் தரும் கம்பெனியில் சனி, ஞாயிறு காலை நாளுக்கொரு பார் சொல்லிவிட்டால் தெர்மாகோல் பெட்டியில் நாள் முழுக்க நிற்கும். உடைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, துண்டு சுற்றி வீக்கத்தில் வைக்க மட்டுமே அது. குடிக்கிற தண்ணீரில் போடக் கூடாது என்று பெட்டி மேலேயே எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் சர்பத்தில் விழுந்துவிடும்.

பல் பெயர்ந்து விழுந்தால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் ஓடுங்கள். டீக்கடையில் காய்ச்சாத பால் அரை லிட்டர் எடுத்து வைக்கச் சொல்லலாம். தலையில் அடிபட்டு மயங்கியவனோ, குழம்பிப் பேசுகிறவனோ, வாந்தி எடுத்தவனோ அன்று மறுபடி ஆடக் கூடாது, இறுதியாட்டமானாலும் கூடாது. வெயிலில் ஒருவன் தடுமாறி, சம்பந்தமில்லாமல் பேசினால் நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறி, 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் உள்ளே வரும் வழியில் பைக்குகளை நிறுத்தவிடாமல் பார்க்க ஒரு ஆள்.

பெண்கள் டீம்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு வகுப்பறை, தண்ணீர் வரும் கழிப்பறை, கூட ஒரு ஆசிரியை அல்லது வீராங்கனையின் அம்மா. இது கிடைக்காவிட்டால் அவர்களை அழைக்கவே வேண்டாம்.

டேபிள்

ஒரு மேசை, ஒரு குடை, இரண்டு ஸ்டாப் வாட்ச், பேனா கட்டிய ஸ்கோர் தாள். ஜெர்சி எண், கோல் விழுந்த நிமிடம், அது ஃபீல்டு கோலா பெனால்டி கார்னரா பெனால்டி ஸ்ட்ரோக்கா, அட்டை யாருக்கு, முடிவில் இரு கேப்டன், இரு அம்பயர் கையெழுத்து. கையெழுத்தை உடனே வாங்குங்கள். ஆள் மாற்றத்துக்குக் கணக்கு கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பெனால்டி கார்னர் கொடுத்ததிலிருந்து முடியும் வரை மட்டும் மாற்றக் கூடாது. கீப்பருக்கு அடிபட்டால் விலக்கு. இதைத் தெரிந்த ஆள்தான் டேபிளில் உட்கார வேண்டும். கணக்கு நன்றாக வரும் கல்லூரிப் பெண் ஒருவர் போதும். உரக்கப் பேசும் ஊர்ப் பெரியவர் வேண்டாம், அவரை மைக்கில் உட்கார வையுங்கள்.

சிறப்பு விருந்தினரை ஞாயிறு 4.35க்கு வரச் சொல்லுங்கள். கைகுலுக்கி, போட்டோ எடுத்து, பந்தைத் தள்ளிவிட்டால் சரியாக 4.45. அவர் வராவிட்டால் ஆட்டம் ஆரம்பித்துவிடும் என்பதை முன்பே பணிவாகச் சொல்லிவிட வேண்டும். இறுதியாட்டமும் ஷூட் அவுட்டும் சேர்ந்தால் 6.20 ஆகிவிடும், இருட்டு யாருக்காகவும் காத்திருக்காது. பொன்னாடை போர்த்துவதைப் பரிசளிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசுக்குக் கோப்பையோடு கீழக்கரைத் தொதல் இனிப்பு டப்பா ஒன்று கொடுத்துப் பாருங்கள், கோப்பையை யார் தூக்குவது என்ற போட்டியே இருக்காது.

ஞாயிறு இரவு

வெளியூர் வேன்கள் கிளம்பியதும் வலையை அன்றைக்கே கழற்றிவிடுங்கள். ராத்திரி விட்டால் காலையில் அது வேறு யாருடைய கோழிக் கூண்டிலாவது இருக்கும். பேட் செட்டை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் காய வைத்து, கொக்கி, பக்கிளில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், உப்புக் காற்று அதைத்தான் முதலில் பிடிக்கும். கழிப்பறையைக் கழுவி, வகுப்பறையில் சாக்பீஸ் கிறுக்கலை அழித்து, சாவியைத் திரும்பக் கொடுப்பது திங்கள் காலை மணி அடிப்பதற்கு முன். வரவு செலவை அன்றிரவே எழுதி வாட்ஸ்அப்பில் எல்லா டீம் பொறுப்பாளருக்கும் அனுப்புங்கள். சாப்பாடு, தண்ணீர், பந்து, அம்பயர் படி என்ற நான்கு தலைப்பிலேயே முக்கால்வாசி அடங்கிவிடும். டேங்கர்காரர், ஐஸ் கம்பெனி பாக்கி இருந்தால் செவ்வாய்க்குள் கொடுத்துவிடுங்கள், அடுத்த போட்டிக்கும் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும்.